தளிர் விட்டது சரி, வேர் விட்டதா?

சென்ற இதழில், பழைய தேயிலைத் தூரைப் போன்சாய் ஆக்கலாம் என்று போகிறபோக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அவற்றில் பெரும்பாலானவை துக்கச் செய்தி: தோண்டினேன், நட்டேன், தளிர்த்தது, செத்தது. ரோஜாவும் ஸ்ட்ராபெர்ரியும் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு ஒரு ஏக்கர் தேயிலை, தாத்தா காலத்து விதைச் செடிகள். வீடு கட்ட ஓர் ஓரத்தைச் சுத்தம் செய்தபோது, தூர் அழகாக இருந்த இரண்டு செடிகளைப் பிடுங்கி வந்தேன். இலை எல்லாவற்றையும் கழித்து, தண்டை ஓர் அடிக்கு வெட்டி, தோட்டத்து மண்ணையே போட்டுத் தொட்டியில் வைத்தேன். மூன்றாவது வாரம் தளிர் வந்தது. சந்தோஷத்தில் உரம் வைத்தேன். ஆறாவது வாரம் எல்லாம் கருகிவிட்டது. உரம்தான் கொன்றதா ஐயா?
வாசகர், கோத்தகிரி

உரம் வைத்தது தப்புதான், ஆனால் அது கடைசித் தப்பு. அதற்கு முன்பே செடி பாதி போய்விட்டது.

வெட்டிப் போட்ட முருங்கைப் போத்து, மழை பெய்தால் கிடந்த இடத்திலேயே துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வேரா இருக்கிறது? தண்டுக்குள் சேர்த்து வைத்த மாவுச்சத்தையும் ஈரத்தையும் வைத்துக்கொண்டு மொட்டு திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். உங்கள் தேயிலையும் அதைத்தான் செய்தது. மூன்றாவது வாரம் நீங்கள் பார்த்தது பழைய கையிருப்பில் வந்த தளிர். இலை விரிய விரிய அதன் வழியாக நீர் ஆவியாகும், அதை ஈடுகட்டக் கீழே புதுச் சல்லிவேர் வேண்டும், அதுவோ இன்னும் பிறக்கவில்லை. கையிருப்பு தீர்ந்த அன்றைக்குக் கதை முடிந்தது. இதில் உரம் வேறு போட்டால், அந்த உப்பு, வெட்டுப்பட்ட வேரில் மிச்சமிருந்த ஈரத்தையும் வெளியே இழுத்துவிடும்.

அடுத்த செடியை எடுப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். தேயிலைத் தோட்டங்களில் கடுங்கவாத்துக்கு முன் செய்கிற பழைய முறைதான் இது. தூரின் ஓரத்தில் மண்ணை விலக்கி, பென்சில் கனத்தில் ஒரு வேரைத் துண்டாக வெட்டி, வெட்டுவாயில் மருந்துக்கடை அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். பழுப்பு நிறம் ஒரு நிமிடத்தில் கருநீலமாக மாறினால் வேரில் மாவுச்சத்து தாராளம், துணிந்து எடுக்கலாம். பழுப்பாகவே நின்றால் செடி பட்டினியில் இருக்கிறது, பறிப்பை நிறுத்திவிட்டுச் சில மாதம் இலையோடு விடுங்கள். விடாமல் கொழுந்து கிள்ளுகிற செடியை அப்படியே பிடுங்கினால், வெறும் பையோடு வெளியூர் அனுப்பியதுபோலத்தான்.

இனி தோண்டுவது. விதைச் செடி என்பதால் ஆணிவேர் நேராகக் கீழே போயிருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம், அது செடியைத் தாங்குகிற தூண், தண்ணீர் குடிக்கிற வாய் அல்ல. தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சுற்றிலும் பள்ளம் பறித்து, பக்கவேர்களை நீளமாக வைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள், தூருக்கு ஒட்டிய மெல்லிய வேர்கள்தான் தங்கம். ஆணிவேரைக் கடைசியில் ரம்பம் போட்டு அறுங்கள். கடப்பாரையால் நெம்பிப் பிய்த்தால் வேர் நார் நாராகக் கிழியும், கிழிந்த இடத்தில் அழுகல் ஏறும். கிழிந்த முனை எதுவானாலும் நல்ல மரம் தெரியும்வரை சுத்தமாக வெட்டிவிடுங்கள். ஈரச் சாக்கில் சுற்றி, அன்றைக்கே நட்டுவிட வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று வெயிலில் போட்டுவிட்டுப் போனீர்களானால், பிறகு வந்து பார்க்க ஒன்றும் இருக்காது.

மேலே எவ்வளவு வெட்டுவது? தேயிலை வெறும் கட்டையிலிருந்தும் துளிர்க்கும், தலைமுறை தலைமுறையாகக் கவாத்து வாங்கிய ஜாதி அது. இருந்தாலும் மொட்டையாக விடாதீர்கள். சில தோட்டங்களில் கவாத்தின்போது ஓரக்கிளை ஒன்றிரண்டை இலையோடு விட்டுவைப்பார்கள், ‘லங்’ விடுவது என்று பேர். நீங்களும் அப்படி ஒரு மெல்லிய கிளையை விடுங்கள். இலையில் உருவாகி இறங்குகிற சுரப்புதான் வேரை விடச் சொல்லித் தூண்டுகிறது. புதுத் துளிர்கள் முற்றி நின்றபின் அந்தக் கிளையை எடுத்துவிடலாம். பெருவிரலுக்கு மேல் கனமான வெட்டுகளில், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசையைத் தடவிவிடுங்கள்.

அப்புறம் மண். உங்கள் தோட்டத்துச் செம்மண் சரிவில் இருக்கும்வரை நல்ல மண், தொட்டிக்குள் போனால் களி. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள், சொட்டு நின்றதும் அதையே நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள், மறுபடி சொட்டும். தொட்டியும் இப்படித்தான். அடியில் ஒரு பட்டை எப்போதும் ஈரத்தில் ஊறிக்கொண்டே இருக்கும். தொட்டி தட்டையாக இருந்தால் வேர் முழுக்க அந்த ஊறலுக்குள் மாட்டிக்கொள்ளும். அதனால் முதல் இரண்டு வருடத்துக்குப் போன்சாய்த் தட்டைக் கண்ணில்கூடப் பார்க்க வேண்டாம். கேரட் ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேட் நம் ஊரில் எந்த மண்டிக்கு வெளியிலும் கிடக்கும், ஒன்று வாங்கி உள்ளே நிழல்வலைத் துண்டை விரித்து அதில் நடுங்கள். உடைத்த செங்கல் ஜல்லியைச் சலித்து, மிளகு முதல் சுண்டைக்காய் அளவு வரை எடுத்துக்கொண்டு தூசியைக் கொட்டிவிடுங்கள். அது மூன்று பங்கு, நன்றாக அலசிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணில் சேர்க்கக் கூடாது, தேயிலைக்குப் புளித்த மண்தான், அதாவது அமில மண்தான் பிடிக்கும்.

நட்டதும் தூரைக் கிரேட்டோடு சேர்த்து நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கையால் ஆட்டினால் செடியும் கிரேட்டும் ஒன்றாக அசைய வேண்டும். காற்றில் தூர் அரை அங்குலம் ஆடினாலும், புதிதாக வந்த வேர்முனை ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒடியும். கட்டாமல் விட்ட குறையால் செத்த மரங்கள், தண்ணீர் இல்லாமல் செத்தவற்றைவிட அதிகம் என்பது என் அனுபவம்.

பிழைத்ததா என்று எப்படித் தெரியும்? கிரேட்டின் பக்கத்து ஓட்டைகளைப் பாருங்கள். எனக்கு முதல் தடவை தேயிலை பிழைத்தபோது தளிர் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் குனிந்து பார்த்தால், வலையின் கண்ணுக்குள்ளிருந்து சேமியாத் துண்டுபோல வெள்ளையாக ஒரு வேர்முனை எட்டிப் பார்க்கிறது. அன்றைக்குத்தான் வீட்டில் சொன்னேன். உரமும் அதற்குப் பிறகுதான், அதுவும் பாதி அளவில்.

கேள்வி: வேலை பார்க்கிற பங்களாவில் சைப்ரஸ் வேலியை எடுத்துவிட்டுச் சுவர் கட்டப் போகிறார்கள். இருபது வருட மரங்கள், வெட்டி வெட்டி அடிமரம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பச்சை முழுவதையும் கழித்துவிட்டு நட்டால் பிழைக்குமா? எந்த மாதம் எடுக்கலாம்?
வாசகர், கொடைக்கானல்

பச்சையைக் கழித்தீர்களானால் அன்றோடு சரி. தேயிலைக்குச் சொன்னதை சைப்ரஸுக்குச் செய்யவே கூடாது. அதன் பழுத்த கட்டையிலிருந்து மறுதுளிர் வராது, எந்தக் கிளையில் பச்சை இல்லையோ அந்தக் கிளை போனது போனதுதான். மொத்தப் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காதீர்கள், வெட்டினாலும் ஒவ்வொரு கிளை நுனியிலும் பச்சை மிச்சம் இருக்கட்டும்.

வேரிலும் வேறு கணக்கு. மண்ணை விலக்கும்போது சல்லிவேரில் ஒட்டியிருக்கிற மண்ணைச் சுத்தமாகக் கழுவிவிடாதீர்கள், வேரோடு கூட்டுக் குடித்தனம் நடத்துகிற பூஞ்சை அதில் இருக்கும், சைப்ரஸில் அது வெறும் கண்ணுக்குத் தெரியாது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மரத்தைக் கொன்ற பிறகு. பல வருடம் முன்பு எனக்கும் இப்படி ஒரு வேலி மரம் கிடைத்தது. ஹோஸ் பைப்பை வைத்து வேரைக் கண்ணாடிபோலக் கழுவி, சலித்த ஜல்லியில் நட்டு, நாலு மாதம் தினமும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை மாறவேயில்லை. வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் நுனியை விரலில் வைத்துக் கசக்கினார், சருகாக உதிர்ந்தது. செத்து எத்தனை வாரம் ஆகியிருந்ததோ. ஊசியிலை மரங்கள் செத்தபிறகும் பச்சையாகவே நின்று ஏமாற்றும். புது நுனி வெளிர்பச்சையில் நீளுகிறதா என்று பாருங்கள், அதுதான் உயிர்.

ஆகவே வேர்ப்பந்தில் பாதி மண்ணையாவது தொடாமல் விடுங்கள். வெளிப்பக்க மண்ணை மட்டும் குச்சியால் கோதி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஜல்லிக் கலவையை நிரப்புங்கள். மிச்சப் பழைய மண்ணை இரண்டு மூன்று வருடம் கழித்து அடுத்த மாற்றத்தில் பார்த்துக்கொள்ளலாம். பங்களாக்காரர்கள் அவகாசம் கொடுத்தால் இன்னும் நல்லது. இப்போதே மரத்தைச் சுற்றி ஓரடி தள்ளி மண்வெட்டியை நேராக இறக்கிப் பாதி வட்டத்து வேரை மட்டும் அறுத்துவிட்டு, மறுபாதியை ஆறு மாதம் கழித்து அறுங்கள். அடுத்த வருடம் தூக்கும்போது பந்துக்குள்ளேயே புதுச் சல்லிவேர் இருக்கும்.

மாதம் கேட்டீர்கள். கோடை மழை இறங்கி மண் நனைந்து, மேகம் மூடத் தொடங்குகிற மே கடைசி, ஜூன் முதல் பாதி. வெயில் குறைவு, காற்றில் ஈரம் அதிகம், டிசம்பர்க் குளிர் வருவதற்குள் ஐந்தாறு மாதம் வேர் விட நேரம். ஐப்பசி மழையில் எடுக்கலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஈரம் இருக்கும் உண்மைதான், ஆனால் வேர் பிடிப்பதற்குள் பனி வந்துவிடும். நான் எடுக்க மாட்டேன்.

கேள்வி: வேர் சீக்கிரம் வர இளநீர் ஊற்றலாமா, கற்றாழைச் சாறு தடவலாமா, தேன் நல்லதா, இல்லை கடையில் விற்கிற வேர் ஊக்கிப் பொடியா?
வாசகி, குன்னூர்

இளநீரை நீங்கள் குடியுங்கள். அதில் இருக்கிற சைட்டோகைனின் என்கிற சுரப்பு துளிரைத் தூண்டுகிற வகை, நமக்கு இப்போது வேண்டாததே அவசரத் துளிர்தான். சர்க்கரைக்கு எறும்பும் பூசணமும் வரும், தேனுக்கும் அதே கதை. கற்றாழை கெடுதல் இல்லை, பெரிதாகப் பலனும் பார்த்ததில்லை. வேர் ஊக்கிப் பொடியை, வெட்டிய கனத்த வேர்களின் முனையில் லேசாகத் தொட்டு வைக்கலாம். ஏற்கெனவே பிழைக்க வேண்டிய மரத்துக்கு அது கொஞ்சம் உதவும், சாகப்போகிற மரத்தை நிறுத்தாது.

கேள்வி: கொடைக்கானல் வரும்போதெல்லாம் சோலைக்காட்டு ஓரத்தில், காற்றில் குட்டையாக வளைந்து நிற்கிற மரங்களைப் பார்த்து ஆசையாக இருக்கிறது. சின்னதாக ஒன்று எடுத்து வந்து எங்கள் மொட்டைமாடியில் வைத்தால் வளருமா? ஜப்பானில் இப்படி எடுப்பது வழக்கம்தானே?
வாசகர், திண்டுக்கல்

ஜப்பானில் யமதோரி என்று சொல்வார்கள், மலையிலிருந்து எடுத்தது என்று பொருள். அங்கேயும் நிலத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் எடுத்தால் திருட்டுதான். நீங்கள் சொல்கிற இடம் பெரும்பாலும் காப்புக்காடாக இருக்கும், 2013-இல் அறிவித்த கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள்ளும் இருக்கலாம். அங்கே ஒரு செடியைத் தொட்டாலும் வழக்கு. பட்டா நிலத்திலேயே, மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் என்று 1955-லிருந்து ஒன்று இருக்கிறது, மரம் வெட்ட வேண்டுமென்றால் கலெக்டர் தலைமையிலான குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். மேலே எழுதிய வேலி வாசகரும் கடப்பாரையைத் தூக்குவதற்கு முன் ஒரு தடவை விசாரித்துவிடுவது நல்லது.

சட்டத்தை விடுங்கள். காற்று அடித்து அடித்து அந்த உயரத்துக்கு வர அதற்கு உங்கள் வயதுக்கு மேல் ஆகியிருக்கும், வேர் பாறை இடுக்கில் எங்கேயோ போயிருக்கும், பந்து என்று ஒன்று கிடைக்கவே கிடைக்காது. அப்படியே கிடைத்தாலும் ஏழாயிரம் அடிக் குளிரில் வளர்ந்ததைத் திண்டுக்கல் மாடியில் சித்திரை வெயிலில் வைத்தால்? உங்கள் ஊரிலேயே பாழடைந்த சுவரில் அரசும் இச்சியும் முளைத்துக் கிடக்கின்றன. கட்டடக்காரரே நன்றி சொல்லிக் கொடுப்பார். கொடுக்காய்ப்புளியும் புளியும் வெயிலுக்கு அசராதவை.

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்து ஓரம் முழுக்க உண்ணிச்செடி. அதில் போன்சாய் வருமா, அல்லது அந்தச் சனியனைத் தொடாமல் இருப்பதே மேலா?
வாசகி, பண்ணைக்காடு

வரும், அருமையாக வரும். குற்ற உணர்ச்சியே இல்லாமல் தோண்டலாம் என்பதே பாதிச் சந்தோஷம். கூடலூர்ப் பக்கம் அதன் குச்சியை வைத்து ஆளுயர யானைகளே செய்கிறார்கள், நாம் ஒரு சின்ன மரம் செய்யக் கூடாதா.

வயதான செடியாகப் பாருங்கள். மேலே புதர் அசிங்கமாக இருக்கும், கண்டுகொள்ள வேண்டாம், மண்ணோடு சேருகிற இடத்தில் கையை விட்டுத் தடவுங்கள். மணிக்கட்டுக் கனத்தில், பட்டை வெடித்து, இரண்டு மூன்று கிளையாகப் பிரிகிற தூர் கிடைத்தால் அதுதான். முழங்கைவரை மூடுகிற உறை போட்டுக்கொள்ளுங்கள், முள் சின்னதாக இருந்தாலும் அரிப்பு இரண்டு நாள் நிற்கும். தண்டும் வேரும் சேருகிற அந்தக் கழுத்துப் பகுதியிலிருந்துதான் அது மறுபடி துளிர்க்கும், அதனால் அதற்குக் கீழே நாலைந்து விரற்கடை வேராவது இருக்கும்படி அறுங்கள். இதற்கு லங் கிளையெல்லாம் தேவையில்லை, மொட்டையாக வெட்டலாம். தேயிலை நாலு மாதத்தில் செய்வதை இது பாதி நேரத்தில் செய்யும். முதல் முறை தோண்டுகிறவர்கள் இதில் கை பழகிவிட்டு, அப்புறம் சைப்ரஸ் பக்கம் போகலாம்.

கழித்த கிளைகளை மாடு மேய்கிற இடத்தில் போடாதீர்கள், விஷம். தொட்டியில் பூத்துக் காய்க்கத் தொடங்கினால் கறுப்பதற்குள் கிள்ளிவிடுங்கள், பறவை தின்றால் பக்கத்துத் தோட்டத்துக்கும் உங்கள் உபயம்.

கேள்வி: தோண்டி நட்ட தேயிலையை ஈரம் போகாமல் இருக்கப் பெரிய பாலித்தீன் பையால் மூடி வைத்தேன். பத்தே நாளில் தண்டில் சாம்பல் நிறப் பூசணம். திறந்து வைத்தால் தளிர் வாடுகிறது. மார்கழிப் பனி வேறு வரப்போகிறது.
வாசகர், ஊட்டி

மூடியது சரி. தேயிலை நாற்றங்காலில் குச்சியைப் பாலித்தீன் கூடாரத்துக்குள் வைத்துத்தானே வேர் விட வைக்கிறார்கள். பை தண்டில் ஒட்டிக்கொண்டிருந்ததும் காற்றே போகாததும்தான் கோளாறு. நாலு மூங்கில் குச்சியைக் கிரேட்டின் மூலைகளில் நட்டு, அதன்மேல் பாலித்தீனைப் போடுங்கள், காலையில் பத்து நிமிடம் ஒரு பக்கத்தைத் தூக்கி விடுங்கள். பூசணம் பிடித்த இடத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் போதும். நேர் வெயில் ஒரு மணி நேரம் பட்டாலும் கூடாரம் இட்லிக் கொப்பரை ஆகிவிடும், வடக்குப் பார்த்த சுவர் ஓரமாக வையுங்கள். புது இலை கரும்பச்சையாகி, விரலால் மடக்கினால் தோல்போல இருக்கிற நிலை வந்தபின், முதலில் இரவில் திறந்து, பிறகு மேகமான பகலில் திறந்து, ஒரு மாதத்தில் முழுசாக எடுத்துவிடலாம்.

தண்ணீரையும் பழக்கத்துக்கு ஊற்றாதீர்கள். ஊதுபத்தி எரிந்த குச்சி ஒன்றைக் கலவையில் ஆழமாகச் செருகி வைத்து, பத்து நிமிடம் கழித்து உருவிக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்றைக்கு வேண்டாம். ஊட்டி ஜூலை மழையில் கிரேட்டின் மேல் ஒரு தகடு வேண்டியிருக்கும், வானம் ஊற்றுகிறதே என்று விட்டுவிட முடியாது.

பனிக்கு: குளிர்ந்த காற்று தண்ணீர்போலப் பள்ளத்துக்கு ஓடித் தங்கும், அதனால் கிரேட்டைத் தோட்டத்தின் கீழ்ப்பக்கம் வைக்காமல் வீட்டுக் கூரை விளிம்புக்கு அடியில் கொண்டுவந்து விடுங்கள். தரையில் இருக்கிற வேரைச் சுற்றி மலையே இருக்கிறது, கிரேட்டுக்குள் இருக்கிற வேருக்கு அரை அங்குலம்கூட இல்லை. சுற்றிலும் சாக்கைக் கட்டுங்கள். பூங்காவில் நாற்றுகளின் மேல் மிலார்க் கொத்துகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்களே, அதுபோல மேலே எதையாவது போட்டுவிட்டு, காலையில் வெயில் ஏறினதும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எடுத்த மரம் ஒரு வருடமாக நன்றாக இருக்கிறது. இப்போது கம்பி சுற்றிப் போன்சாய்த் தட்டுக்கு மாற்றலாமா?
வாசகர், கேத்தி

இன்னும் ஒரு வருடம். கம்பி வேண்டுமானால் இந்தப் பருவத்தில் மெல்லிய கிளைக்கு மட்டும் சுற்றுங்கள், வேரைத் தொடாதீர்கள். ஒரே வருடத்தில் இரண்டையும் செய்து கெடுத்த மரங்கள் என் கணக்கிலேயே மூன்று இருக்கின்றன. தட்டை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கை சும்மா இருக்கும்.